7 காசு பங்கு 25 ஆகும் என்றார்கள், என் 12,500 வெள்ளி போனதுதான் மிச்சம்

கோபம் தணிந்த பிறகு எழுதுங்கள் என்றாள் மனைவி. தணிந்துவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். போன வியாழக்கிழமை மதிய இடைவேளை முடிந்து 2.30க்குப் பங்குச் சந்தை திறந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. போனது 12,500 வெள்ளி (ரிங்கிட்). நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், பிறையிலிருந்து மோட்டாரில் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவன். அடுப்படிக் கூரை ஒழுகுகிறது, அதை மாற்றுவதற்கு வைத்திருந்த பணமும் சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்ததும் சேர்ந்ததுதான் அது.

என்னை ஏமாற்றியவர்களின் பெயர் போடப்போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டலில் அறை எடுத்து 'பங்கு முதலீட்டு வகுப்பு' நடத்தி, அப்புறம் புலனத்தில் (வாட்ஸ்அப்) 'வி.ஐ.பி' குழு ஒன்றில் சேர்த்துக்கொள்வார்களே, அந்த வகை ஆட்கள். வகுப்புக் கட்டணம் மட்டும் 1,200 வெள்ளி.

உண்மையைச் சொன்னால் வகுப்பில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கோடு கோடாகப் படம் காட்டினார்கள், பாதி புரியவில்லை. நம்பிக்கை வந்தது அதற்குப் பிறகு, கீழே மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை). வகுப்பு நடத்திய சார் (எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நெற்றி நிறைய திருநீற்றோடு எங்கள் நாலு பேருடன் வந்து உட்கார்ந்தார், தே தாரிக்குக்கு (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) அவரே காசு கொடுத்தார். "அண்ணே, நம்ம ஆளுங்க கூட்டு பிடிச்சு ஏமாறுவோம், அமானா சஹாம்ல போட்டுட்டு வருசம் பூரா காத்துக் கிடப்போம், பங்குன்னா மட்டும் பயந்து ஓடுவோம்" என்றார். கூட்டு என்பது ஆளாளுக்கு மாதாமாதம் பணம் போட்டு எடுக்கும் சீட்டு, அமானா சஹாம் அரசாங்க யூனிட் டிரஸ்ட். என் அப்பா கூட்டுப் பணத்தில் ஏமாந்தவர். அது அவருக்குத் தெரிய வழியில்லை, ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கடை ரசீதைத் திருப்பிப் போட்டு ஒரு கவுண்டர், அதாவது ஒரு பங்கின் பெயரை எழுதினார், அதற்குக் கீழே 7, பக்கத்தில் 25, அந்த 25ஐச் சுற்றி ஒரு வட்டம். அந்தச் சீட்டு தேத்தண்ணிக் கறையோடு இன்னும் என் பர்சில் இருக்கிறது.

நான் கணக்குத் திறந்து பணம் போடுவதற்குள் விலை 9 காசு. 600 லாட், அதாவது 60,000 பங்கு, 5,400 வெள்ளி. நாலே நாளில் 12 காசு. கைத்தொலைபேசியில் 1,800 வெள்ளி லாபம் பச்சையாக நிற்கிறது, விற்றுவிடவா என்று குழுவில் கேட்டேன். "25 வரைக்கும் யாரும் அசையாதீங்க, இன்னும் ஏத்துங்க" என்று சார் குரல் பதிவு போட்டார். 11.5 காசில் இன்னும் 1,000 லாட் ஏற்றினேன். 11,500 வெள்ளி. என் புத்தியை எதால் அடிப்பது?

மறுநாளே, காரணம் தெரியாமல் விலை எகிறும் அசாதாரண வாணிபம் பற்றி அந்த நிறுவனத்திடம் பங்குச் சந்தை விளக்கம் கேட்டது. ஆங்கிலத்தில் சுருக்கமாக யூ.எம்.ஏ. என்பார்கள், புர்சா மலேசியா (மலேசியப் பங்குச் சந்தை) இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுவார்கள். நிறுவனத்தின் பதில், 'எங்களுக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை'. இதற்கு சார் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள்: "யூ.எம்.ஏ. வந்தா நல்லதுண்ணே, பெரிய கை உள்ள இருக்குன்னு அர்த்தம்." எச்சரிக்கைப் பலகையையே நல்ல சகுனம் என்று சொல்லி நம்ப வைத்தார், நானும் தலையாட்டினேன்.

வியாழன் மதியம் இடைவேளையில் பார்த்தபோது விலை 8 காசு. 2.30க்குத் திறந்ததும் 6, 5.5, 4.5. விற்கப் போட்டால் என் 1,600 லாட் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது, வாங்குகிற பக்கத்தில் ஆளே இல்லை. இந்த மாதிரிப் பங்கு அரைக் காசு அரைக் காசாகத்தான் நகரும், 5 காசுப் பங்கில் அரைக் காசு என்றால் பத்து விழுக்காடு, அதைக்கூட அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவழியாக 3.5 காசில் எல்லாம் விற்றது. கைக்கு வந்தது 5,600. தரகுக் கட்டணத்தைச் சேர்க்காமலே பங்கில் 11,300 நட்டம், வகுப்புக்கு 1,200, ஆக 12,500 வெள்ளி.

அன்று சாயங்காலம் சாருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுநாள் குழுவைப் பார்க்கும் பெண் பதில் போட்டது, சார் வெளியூர், நீண்ட காலத்துக்கு வைத்திருங்கள் என்று. விற்றாகிவிட்டது தங்கச்சி என்றேன். "அப்ப நாங்க என்ன செய்யிறதுண்ணே? வாங்குன்னு பட்டனை அமுக்கினது நீங்கதானே? நாங்க சொல்றதெல்லாம் கல்வி நோக்கத்துக்கு மட்டும்." கட்டணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்ட பத்தாவது நிமிடம் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். போலீஸ் புகார் எழுதிக்கொடுத்தபோது அங்கே கேட்ட முதல் கேள்வி, "அவர் கணக்குக்கா பணம் போட்டீர்கள்?" இல்லை, கட்டணத்தைத் தவிர எல்லாம் என் கணக்கில் நானே வாங்கியது. அதுதான் இவர்களுக்கு வசதி. 12 காசில் என்னைப் போன்றவன் வாங்கினான் என்றால் எதிர்ப்பக்கம் எவனோ விற்றிருக்கிறான், அது இவர்கள்தானா என்று என்னால் நிரூபிக்க முடியாது.

2013 அக்டோபரில் சிங்கப்பூரில் மூன்று பங்குகளை இப்படித்தான் ஏற்றி இறக்கி, சுமார் 8 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி சந்தை மதிப்பு ஆவியானதாம். 2022இல் அந்த வழக்கில் முக்கியக் குற்றவாளிக்கு 36 ஆண்டு சிறை விதித்தார்கள், அவர் மலேசியர். இதெல்லாம் பணம் போன பிறகு உட்கார்ந்து படித்தது.

எப்படித் தப்பிப்பது என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இரவு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தப் பங்கை வாங்க வேண்டும், எப்போது விற்க வேண்டும் என்று தொழிலாகச் சொல்கிறவருக்கு செக்யூரிட்டீஸ் கமிஷன் (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) உரிமம் வேண்டும், அவர்கள் இணையத்தளத்தில் பெயர் இருக்கிறதா, எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள், ஐந்து நிமிட வேலை. நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையைப் பாருங்கள், நான் வாங்கியது வரிசையாக நட்டம் காட்டிய கம்பெனி. ஒரு நாளைக்கு எத்தனை லாட் கைமாறுகிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள், விற்கும்போது ஆள் வேண்டும். ஒழுகுகிற கூரைக்கு வைத்த காசைத் தொடாதீர்கள்.

அதே ஆட்கள் வேறு பெயரில் வருகிற ஞாயிறு மறுபடி வகுப்பு போடுகிறார்கள், பட்டர்வொர்த்தில். போகிற எண்ணம் இருந்தால் உள்ளே நுழைந்ததும் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி உரிம எண் என்ன என்று கேளுங்கள், தே தாரிக்கெல்லாம் அப்புறம்.