நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா?

காரைக்குடிப் பக்கத்து அடுப்படியில் இரண்டும் இருக்கும். தேன்குழலுக்குக் கடலை எண்ணெய், வத்தக்குழம்புக்கு நல்லெண்ணெய் என்பது பழக்கம். வேதியியலாகப் பார்த்தால் இரண்டும் ஒரே சாதிதான்: ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிய டிரைகிளிசரைடு. கிராமுக்கு 9 கிலோகலோரி. அதில் எதற்கும் சலுகை இல்லை.

வித்தியாசம் அந்த அமிலங்களில் இருக்கிறது. கடலை எண்ணெயில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு (இரு கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டையாக அமைந்த பிணைப்பு) உள்ள ஒலியிக் அமிலம் தூக்கல். நல்லெண்ணெயில் ஒலியிக்கும், இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள லினோலியிக்கும் ஏறத்தாழ சமம், தலா 40 சதவீதம் அளவுக்கு. இரட்டைப் பிணைப்பு கூடினால் ஆக்சிஜன் எளிதாகத் தாக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அந்தக் கணக்குப்படி நல்லெண்ணெய்தான் முதலில் கெட வேண்டும். நடப்பதோ தலைகீழ்! எள்ளில் உள்ள செசமின், செசமோலின் என்னும் லிக்னான்கள் (தாவரங்களில் இயற்கையாக உள்ள ஒருவகைச் சேர்மங்கள்) காவலுக்கு நிற்கின்றன. சூடு பட்டதும் செசமோலின் உடைந்து செசமால் ஆகிறது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில் அது இன்னும் கெட்டிக்காரன். ஊறுகாய்க்கு ஆச்சிமார் நல்லெண்ணெயை விடாததில் நியாயம் இருக்கிறது.

பலகாரம் பொரிக்கக் கடலை எண்ணெய்க்கே என் ஓட்டு. எள் மணம் மாவின் ருசியை அமுக்கிவிடும், விலையும் கூடுதல். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் செக்குக் கடலை எண்ணெயைத் தொடாதீர்கள். அதில் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். எள் ஒவ்வாமையும் உண்டு, கேட்டுக்கொண்ட பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.