ஓடு பறந்த கூரைக்குத் தார்ப்பாயா, கீற்றா, தகரமா?

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டுக் கூரையின் ஒரு சரிவில் ஓடுகள் பறந்துவிட்டன. வடகிழக்குப் பருவமழை முடிய இன்னும் நாள் இருந்தது. ஓடும் கிடைக்கவில்லை, வேய ஆளும் கிடைக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்தது தடித்த தார்ப்பாய். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

தகரம் உறுதியானதுதான். ஆனால் புயலில் ஆடிப்போன கைமரத்தில், அதாவது கூரையின் சரிவுச் சட்டத்தில், ஆணி பிடிக்காது. மறுபடி காற்றடித்துத் தகரம் பிய்ந்தால் ஆளையே வெட்டிவிடும்.

கீற்றுக்கு வருவோம். தோப்பெங்கும் தென்னை சாய்ந்து கிடந்ததால் மட்டைக்குப் பஞ்சமில்லை. வீடும் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் மட்டையைக் கிழித்து, ஊறவைத்து, முடைந்த பிறகுதான் வேய முடியும். தலைக்கு மேல் மழை ஊற்றும்போது அதற்கெல்லாம் ஏது அவகாசம்?

நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைப்பது வேறு. புயலடித்த ஓட்டுக்கூரை மேல் அடிக்கடி ஏறக்கூடாது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் மிச்சமிருக்கும் ஓடுகள் உடையும். ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பர் இற்றிருந்து, அதில் கால் வைத்தால் உயிருக்கே ஆபத்து. கீற்றோ தகரமோ ஒழுகினால் ஏறித்தான் ஆக வேண்டும். தார்ப்பாயை ஒருமுறை ஒழுங்காகப் போட்டுவிட்டால், பிறகு தரையில் நின்றே இறுக்கலாம்.

ஒழுங்காகப் போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பாய் முகட்டைத் தாண்டி மறுசரிவில் நன்றாக இறங்க வேண்டும். பாயின் ஓரத்தில் உள்ள கண்களில் (துளைகளில்) மட்டும் கயிறு கோத்தால், காற்று அடியில் புகுந்து ஒவ்வொரு கண்ணாகப் பிய்த்துக்கொண்டு போகும். கீழ் ஓரத்தை மூங்கிலில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த மூங்கிலை இறவாணத்துக்கு (கூரையின் கீழ் விளிம்புக்கு) அடியில் கைமரத்தோடு கட்டுங்கள். மேலே குறுக்காகக் கயிறு போட்டு, இரு நுனியிலும் மணல் மூட்டை தொங்கவிடுங்கள். கல் வைத்தால் உருண்டு ஓடுகளை உடைக்கும். முகட்டில் கயிறு உரசும் இடத்தில் பாய் அறுந்துபோகும். அங்கே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தோம். ரீப்பர் போன இடத்தில் பாய் தொய்ந்து தண்ணீர் தேங்கும். முதலில் மூங்கில் பிளாச்சுகளை (பிளந்த மூங்கில் துண்டுகளை) அங்கே குறுக்கே கட்டிவிட வேண்டும்.

மெல்லிய நீலப் பாய் வேண்டாம். வெயிலில் நைந்து உதிரும். சதுர மீட்டருக்கு 200 கிராமாவது எடையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்களுக்குத் தை மாதத்தில் ஓடு கிடைத்துவிட்டது. அதனால் கோடை முழுக்கத் தார்ப்பாய் தாங்குமா என்று அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. கோடைக்குள் ஓடு மாற்ற வழியில்லாதவர்கள், மழை ஓய்ந்ததும் மரச்சட்டத்தைச் சரிசெய்து கீற்றுக்கு மாறுவது நல்லது என்றே நினைக்கிறேன். பாய்க்கடியில் பங்குனி வெயிலைக் குழந்தைகளும் முதியவர்களும் தாங்க மாட்டார்கள்.