ஸ்டைல் பொட்டிக் கேம்ஸ்: பல வருஷம் விளையாடி, சேத்து வச்சதுல தெரிஞ்சுகிட்டது

நின்டெண்டோவோட கையில வச்சு ஆடற கேம் மெஷின் டிஎஸ்லயும் 3டிஎஸ்லயும் வந்த, துணிக்கடை நடத்தற ஸ்டைல் பொட்டிக் கேம் சீரிஸ் பத்தி தமிழ்ல யாரும் பெருசா எழுதி நான் பாக்கல, அதனால நானே எழுதிடறேன். நான் இருக்கறது லண்டன்ல, அதனால இங்க வந்த ஐரோப்பிய வெர்ஷன வச்சுதான் பேசப்போறேன். அமெரிக்கால இதே கேம் ஸ்டைல் சேவின்னு (Style Savvy) வந்துச்சு, ஜப்பான்ல கேர்ள்ஸ் மோட். வாங்கத் தேடும்போது இந்த மூணு கேம் பேரையும் போட்டு தேடுங்க, இல்லன்னா விக்கறவங்க போட்ட லிஸ்டிங் பாதி கண்ணுலயே படாது.

மொத்தம் நாலு கேம். முதல்ல டிஎஸ்ல வந்தது, ஜப்பான்ல 2008, இங்க 2009. அப்புறம் மூணும் 3டிஎஸ்ல, இங்க 2012, 2015, 2017ல வந்துச்சு. செஞ்சது சின் சோஃபியான்னு ஒரு ஜப்பான் கம்பெனி, இவங்க பழைய பேரு ஏகேஐ, நின்டெண்டோ 64ல மல்யுத்த கேம் செஞ்சு பேர் வாங்கினவங்க, டபிள்யூடபிள்யூஎஃப் நோ மெர்சி இவங்களோடதுதான், இன்னிக்கும் அத ஆகச்சிறந்த மல்யுத்த கேம்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. அதே டீம் துணிக்கடை கேம் செய்யும்போது அதே அக்கறையோட செஞ்சிருக்காங்கன்னு விளையாடினா புரியும். பொம்பளப் புள்ளைங்களுக்குத்தானேன்னு ஏனோதானோன்னு செஞ்ச கேம் இல்ல இது.

இதுல நீங்க ஒரு துணிக்கடை நடத்தறீங்க. கஸ்டமர் உள்ள வந்து எனக்கு இந்த மாதிரி பாவாடை வேணும், இவ்வளவுதான் காசு இருக்குன்னு சொல்லுவாங்க, நீங்க ஸ்டாக் ரூம்ல தேடி எடுத்துக் காட்டணும். காட்டிட்டு விடலாம், போட்டு பாக்க சொல்லலாம், இல்ல இதுதான் உங்களுக்குன்னு அடிச்சு சொல்லலாம், ஆனா அடிச்சு சொல்லி அது அவங்களுக்கு புடிக்கலன்னா வியாபாரம் போச்சு. ஸ்டாக் வாங்கறதுதான் நிஜமான விளையாட்டே. ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு குணம் இருக்கு, ரேவன் கேண்டில்னா கறுப்பு, கோதிக், ஏப்ரல் பான்பான்னா ஃப்ரில்லு வச்ச பொம்மை டிரெஸ்ஸு, உங்க கடைக்கு எந்த மாதிரி ஆளுங்க வர்றாங்கன்னு பாத்து காச எதுல போடணும்னு முடிவு பண்ணணும், புடிச்சதெல்லாம் வாங்கி குமிச்சா கல்லா காலி. முதல் கேம்லயே பத்தாயிரத்துக்கு மேல ஐட்டம் இருக்கறதா விளம்பரம் பண்ணாங்க. பல வருஷம் கழிச்சும் எனக்கு இது சலிக்காததுக்கு காரணம் இந்த வியாபார மூளைதான், டிரெஸ் மாத்தி பாக்கறது அதுக்கு மேல கிடைக்கற சந்தோஷம்.

நாலுல எதுன்னு கேட்டா, எனக்கு 2012ல வந்த நியூ ஸ்டைல் பொட்டிக்தான். கடை நடத்தறது இதுலதான் கச்சிதமா இருக்கு, ஆம்பளைங்க துணியும் இதுலதான் முதல்ல வந்துச்சு. ரெண்டாவது 3டிஎஸ் கேம்ல முடி வெட்டறது, மேக்கப், டிசைன்னு நிறைய வேலைய சேத்தாங்க, நல்லாதான் இருக்கு, ஆனா கடை கொஞ்சம் பின்னாடி போயிடுச்சு. மூணாவதுல பாட்டுப் பாடறவங்கள ஸ்டாராக்கற கதை வருது, அது ஒரு தனி டேஸ்ட்.

இப்ப விலை விஷயத்துக்கு வரேன். இந்த மாதிரி பிங்க் கவர் கேம்ஸ கலெக்ட் பண்றவங்க ரொம்ப நாள் கண்டுக்கவே இல்ல. தானமா வந்த பழைய சாமான் விக்கற சாரிட்டி கடைலயும், கார் டிக்கில வச்சு பழசு விக்கற கார் பூட் சேல்லயும் ஒரு பெட்டில மொத்தமா போட்டு சில பவுண்டுக்கு குடுத்துட்டு இருந்தாங்க. இப்ப அந்தக் காலத்துல விளையாடின பொண்ணுங்க சம்பாதிக்கற வயசுக்கு வந்துட்டாங்க, அவங்களே திரும்பத் தேடறாங்க, அதனால விலை ஏறுது. ஆனா எல்லாமே ஏறல, இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. நாய்க்குட்டி வளக்கற நின்டெண்டாக்ஸ் கிட்டத்தட்ட 2 கோடியே 40 லட்சம் காப்பி வித்த கேம், அது எவ்வளவு நல்ல கேமா இருந்தாலும் பெட்டி இல்லாம சும்மா கேட்ரிட்ஜுக்கு (மெஷின்ல சொருகற கேம் சில்லு) பெரிய விலை வராது. யுபிசாஃப்ட் 2007ல ஆரம்பிச்ச இமேஜின் சீரிஸ்ல வந்த கேம் எக்கச்சக்கம், அதுலயும் பாதிக்கு மேல எங்கயும் கிடைக்கும். பழசுன்னாலே காசுன்னு நினைக்காதீங்க, எத்தனை இருக்கு, எத்தனை பேர் தேடறாங்க, ரெண்டையும் சேத்துதான் பாக்கணும்.

இதுக்கு நல்ல உதாரணம் மூணாவது 3டிஎஸ் கேம். அமெரிக்கால அது டவுன்லோடா மட்டும்தான் வந்துச்சு, கேட்ரிட்ஜே கிடையாது. 2023 மார்ச் 27ஓட 3டிஎஸ்ஸோட ஆன்லைன் கடையான ஈஷாப்ல வாங்கறது நின்னுடுச்சு, அதுக்கப்புறம் அமெரிக்க வெர்ஷன புதுசா வாங்க வழியே இல்ல. அப்ப ஐரோப்பிய கேட்ரிட்ஜ் மேல எல்லாருக்கும் கண்ணு வரும் இல்லையா, ஆனா 3டிஎஸ்ல ரீஜியன் லாக் இருக்கு, ஐரோப்பிய கேட்ரிட்ஜ் அமெரிக்க மெஷின்ல ஓடாது, ஜப்பான்து ரெண்டுலயும் ஓடாது. வாங்கறதுக்கு முன்னாடி உங்க மெஷின் எந்த ரீஜியன்னு பாருங்க, இது ரொம்ப முக்கியம். பழைய டிஎஸ் கேம்ஸ்ல பொதுவா இந்தத் தொல்லை இல்ல, உலகத்துல எங்க வாங்கினாலும் ஓடும்.

விலை தெரிஞ்சுக்கணும்னா லிஸ்டிங்ல என்ன போட்டிருக்காங்கன்னு பாக்காதீங்க, என்ன விலைக்கு வித்துச்சுன்னு பாருங்க. ஈபேல வித்து முடிஞ்சத மட்டும் காட்டற ஃபில்டர் இருக்கு. ஒருத்தர் அநியாய விலை போட்டு வருஷக்கணக்கா விக்காம வச்சிருப்பார், அதப் பாத்து இன்னொருத்தர் அதே விலை போடுவார், அது மார்க்கெட் விலை ஆகாது.

அடுத்தது முழுசா இருக்கான்னு பாக்கணும். வெறும் கேட்ரிட்ஜ், பெட்டியும் கூட வர்ற கேம் கையேட்டு புக்கும் சேந்தது, பிரிக்காதது, இந்த மூணுக்கும் விலை வித்தியாசம் பெருசு. இந்த வகை கேம்ல பெட்டி கிடைக்கறது கஷ்டம், ஏன்னா வச்சிருந்தது சின்னப் பொண்ணுங்க, பெட்டிய தூக்கிப் போட்டுட்டு கேட்ரிட்ஜ பர்ஸ்ல போட்டுட்டு சுத்தினவங்க. புக்கு மேல பேர் எழுதியிருக்கும், ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கலெக்டருங்க அதுக்கு விலை குறைப்பாங்க, எனக்கு அப்படிப்பட்ட காப்பிதான் புடிக்கும், பாதி விலைக்கும் வரும்.

ஜப்பான்ல வந்த லவ் அண்ட் பெரி டிஎஸ் கேமையும் சொல்லணும். சேகா 2004ல கொண்டு வந்த கார்டு போட்டு ஆடற ஆர்கேட் கேம், 2006ல டிஎஸ்க்கு வந்துச்சு, கார்ட படிக்கறதுக்கு தனியா ஒரு ரீடர் சேத்து. அந்த ரீடர் டிஎஸ்ல இருக்கற, பழைய கேம் பாய் அட்வான்ஸ் மெஷினோட கேட்ரிட்ஜ் போடற ஸ்லாட்ல போகும், அதனால பழைய டிஎஸ், டிஎஸ் லைட் ரெண்டுலதான் வேலை செய்யும், அப்புறம் வந்த டிஎஸ்ஐ மாடல்ல அந்த ஸ்லாட்டே கிடையாது. ரீடரும் கார்டும் இல்லாம வெறும் கேட்ரிட்ஜ் மட்டும் யாராவது பெரிய விலை சொன்னா யோசிங்க.

டிஎஸ் கேட்ரிட்ஜ்ல போலி நிறைய சுத்துது. லேபிள்ல எழுத்து மங்கலா இருக்கா, என்டிஆர்னு (NTR) ஆரம்பிக்கற கோட் நம்பர் அந்த கேமுக்கு உரியதுதானா, பின்னாடி கான்டாக்ட்னு சொல்ற உலோகப் பட்டைக்கு மேல நின்டெண்டோ பேரு இருக்கான்னு நல்ல வெளிச்சத்துல பாத்துட்டு வாங்குங்க. ஆன்லைன்னா பின்பக்க ஃபோட்டோ கேளுங்க, தர மாட்டேன்னு சொன்னா விட்டுடுங்க. பிரிக்காத காப்பிக்கு நான் கூடுதல் காசு குடுக்கறதே இல்ல, மறுபடி கவர் சுத்தறது ரொம்ப சுலபம், அதோட இது விளையாடறதுக்குன்னு செஞ்சது.

பாதுகாக்கறதுல ஒரு நல்ல விஷயம், பழைய கேம் பாய் கேட்ரிட்ஜ் பலதுல சேவ், அதாவது நம்ம ஆடினதோட பதிவு, பேட்டரியால நிக்கும், பேட்டரி செத்தா சேவ் போச்சு, டிஎஸ்ல அந்த பயம் இல்ல. ஆனா ஷெல்ஃப்ல வெயில் படற இடத்துல வைக்காதீங்க, பிங்க் கலர் சீக்கிரமா வெளுத்துடும், பெட்டியோட முதுகுப்பக்கம் முதல்ல போகும், இந்த கேம்ஸ்ல பெரும்பாலும் பிங்க்தான். மெஷின்ல டச் ஸ்க்ரீன் அழுத்தி வேலை செய்யற வகை, ஸ்டைலஸ் குச்சி பட்டு பட்டு கோடு விழும், மெல்லிசா ஒரு பாதுகாப்பு ஷீட் ஒட்டிடுங்க. ரொம்ப நாள் எடுக்காம வைக்கறதா இருந்தா பேட்டரிய பாதி சார்ஜ்ல வைங்க, உப்பியிருக்கான்னு அப்பப்ப பாருங்க.

ஆன்லைன் வசதிய மனசுல வச்சு வாங்காதீங்க. டிஎஸ் வைஃபை சேவை 2014 மே மாசமே நின்னுடுச்சு, 3டிஎஸ்ஸோடது 2024 ஏப்ரல்ல. உங்க கடைய ஊரு உலகத்துக்கு திறந்து காட்டறதெல்லாம் இனி இல்ல, தனியா ஆடற கதையும் வியாபாரமும் முழுசா இருக்கு, அது போதும்.

எனக்கு ரொம்ப முக்கியமா படற ஒண்ணு இருக்கு, விலைப் பட்டியல் எதுலயும் இத சேக்கறது இல்ல. செகண்ட் ஹேண்ட் கேட்ரிட்ஜ்ல பழைய சேவ் இருக்கும். யாரோ ஒரு பொண்ணு ஆசை ஆசையா பேர் வச்ச கடை, அவ சேத்த துணி, அவ உடுத்தி வச்ச கேரக்டர். கையில வந்ததும் அழிச்சுட்டு புதுசா ஆரம்பிக்காதீங்க, முதல்ல அந்தக் கடைக்குள்ள போய் சுத்திப் பாருங்க, கடைப் பேரு, முன்பக்கம், அலமாரின்னு ஃபோட்டோ எடுத்து வைங்க. 2010 வாக்குல ஒரு டீன் ஏஜ் பொண்ணுக்கு எது ஸ்டைலா தெரிஞ்சுச்சுங்கறதுக்கு இதவிட நேரடியான சாட்சி கிடைக்காது, இத எந்த மியூசியமும் வாங்கி வைக்கறதா எனக்கு தெரியல. நான் ஃபோட்டோ எடுக்காம ஒரு சேவ் கூட அழிக்கறது இல்ல, சில காப்பிய அழிக்கவே மனசு வராம அப்படியே வச்சுட்டு விளையாடறதுக்கு இன்னொண்ணு வாங்கியிருக்கேன்.

புதுசா ஆரம்பிக்கறவங்க 2012 கேமையும் அதே ரீஜியன்ல நல்ல கண்டிஷன்ல ஒரு 3டிஎஸ்ஸும் வாங்குங்க, 3டிஎஸ்ல டிஎஸ் கேமும் ஓடும், ஒரே மெஷின்ல நாலும் முடிஞ்சுடும். நின்டெண்டோவோட ஸ்விட்ச் மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு அதே சின் சோஃபியா 2023ல ஃபேஷன் டிரீமர்னு ஒண்ணு குடுத்திருக்காங்க, டிரெஸ் பிரமாதம், ஆனா கடைக் கணக்கு பாக்கற சுகம் அதுல இல்ல, எனக்கு அது இல்லாம முடியாது.