எஸ்எல்ஆர்என்னும் ஒரு சமக்குறியும்

போன வாரம் பழைய ஆபீஸ் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணா, கூகுள் குரூப்ஸ்ல நியூஸ்குரூப்லாம் பழசோட நின்னு போச்சே, நீங்க இன்னும் எதுல படிக்கிறீங்க?" எஸ்எல்ஆர்என் என்றேன். "அது என்ன, இன்ஜின் ஆயிலா?" என்றான். இன்ஜின் ஆயில் இல்லை, நியூஸ்குரூப் படிக்க டெர்மினலில், அதாவது வெறும் எழுத்துத் திரையில், ஓடும் ஒரு புரோகிராம். அவனுக்காகத்தான் இது. கொஞ்சம் கடுப்பில் இருக்கும்போது எழுதுகிறேன், காரணம் பின்னால் வரும்.

நியூஸ்குரூப்கள் எல்லாம் சேர்ந்த பொது விவாத வலைதான் யூஸ்நெட். கூகுள் குரூப்ஸ் அதை விட்டது 2024 பிப்ரவரி 22-இல். பழையதைத் தேடலாம், படிக்கலாம். புதிதாக எதுவும் வராது, போடவும் முடியாது. அதோடு யூஸ்நெட்டே போய்விட்டது என்று நினைத்தவர்கள் நிறைய. 1980-லிருந்து சர்வருக்குச் சர்வர் கைமாற்றிக்கொண்டே ஓடுகிற விஷயம் இது. யாரோ ஒருவர் விலகினால் மற்ற சர்வர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருக்கும்.

என்னுடைய சர்வர் ஈடர்னல் செப்டம்பர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரும் கல்லூரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் நியூஸ்குரூப்பில் நுழைந்து மரியாதை தெரியாமல் அமளி செய்வார்கள், மாதம் போகப் போக அடங்குவார்கள். 1993 செப்டம்பர் மட்டும் முடியவே இல்லை என்பது பழைய ஆட்களின் புலம்பல். பெயர் அதிலிருந்து வந்தது. இலவசம், பதிவு செய்தால் போதும். வெறும் எழுத்து மட்டும்தான், பெரிய ஃபைல் எதுவும் கிடைக்காது. போர்ட் 563 போட்டால் என்க்ரிப்ஷனோடு போகும், 119 பழைய வழி. அனுப்புநர் முகவரியில் நிஜ மெயிலைப் போட்டுவிடாதே, உலகமே பார்க்கும். கடைசியில் புள்ளி வைத்து 'இன்வேலிட்' என்று முடியும் ஒன்றைப் போடு, அதற்காகவே ஒதுக்கிவைத்த பெயர்.

எஸ்எல்ஆர்என்னில் எனக்குப் பிடித்தது ஸ்பேஸ்பார். காலையில் காபி டம்ளர் ஒரு கையில், கட்டைவிரல் ஸ்பேஸ்பாரில். தட்டினால் அடுத்த பக்கம், பக்கம் முடிந்தால் அடுத்த பதிவு, குரூப் முடிந்தால் அடுத்த குரூப். மவுஸைத் தொடவே வேண்டாம். படித்தது எதுவரை என்பது ஒரு சாதா ஃபைலில் குரூப் பெயர், முக்கால்புள்ளி, 1-29450 என்று ஒரே வரியில் கிடக்கும். ஒரு ஆள் தொல்லை தாங்கவில்லையா, பெரிய 'கே' தட்டி ஸ்கோர் ஃபைலில் மைனஸ் 9999 கொடுத்தால் அவர் இருக்கும் இடமே தெரியாது. அவருக்கும் தெரியாது. இந்த சுகத்தை வேறு எந்த ஆப்பும் எனக்குக் கொடுத்ததில்லை.

(அந்தப் பதிவு எண்கள் சர்வருக்குச் சர்வர் வேறு. சர்வரை மாற்றினால் அந்த ஃபைல் குப்பை. ஒருமுறை அப்படிப் பட்டிருக்கிறேன், விடு.)

இப்போது கடுப்புக்கு வருகிறேன்.

ஆக் என்ற சின்ன நிரல்மொழிக்கான காம்ப்.லாங்.ஆக் குரூப்பில் ஒருவர் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். மூன்றாவது ஃபீல்டில் (வரியின் மூன்றாவது துண்டில்) 5 இருக்கும் வரிகளை மட்டும் எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக் கணக்கு. ராத்திரி பதினொன்றரைக்கு ஒற்றை வரி எழுதி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். இரட்டைச் சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமக்குறி. அந்த வரியை ஓட்டினால் 5 இருக்கும் வரிகளைத் தேடாது. எல்லா வரியிலும் மூன்றாவது ஃபீல்டை 5 ஆக்கி, அத்தனையையும் அச்சடித்துத் தரும். காலையில் காபியோடு ஸ்பேஸ்பார் தட்டினால் என் பதிவுக்குக் கீழே மூன்று பதில். ஒருவர் பொறுமையாக விளக்கியிருந்தார். இன்னொருவர் என் வரியை மட்டும் மேற்கோள் காட்டி, கீழே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். ஒரே ஒரு கேள்விக்குறி! மூன்றாமவர் எழுதியதைச் சொல்ல வேண்டாம்.

திருத்த வழி இல்லை. நியூஸ் சர்வரோடு கையால் பேசிப் பார்த்தால் புரியும். 'போஸ்ட்' என்றால் 340 என்று சொல்லும், அனுப்பு என்று அர்த்தம். எழுதி முடித்துத் தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் 240. வாங்கிக்கொண்டது. அதன் பிறகு திருப்பி வாங்க எண் கிடையாது. ரத்து செய்ய 'கேன்சல்' என்று ஒரு செய்தி இருக்கிறதுதான். ஆனால் யார் பெயரிலும் யாரும் அதை அனுப்பிவிடலாம் என்பதால் நிறைய சர்வர்கள் கண்டுகொள்வதே இல்லை. என் சர்வர் மதித்தாலும், அதற்குள் கைமாறிப் போன மற்ற சர்வர்களில் அந்த ஒற்றைச் சமக்குறி உட்கார்ந்திருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் தப்பு என்னுடையது. அனுப்புவதா, வேண்டாமா, திருத்துவதா, தள்ளிவைப்பதா என்று எஸ்எல்ஆர்என் ஒவ்வொரு முறையும் கேட்கத்தான் செய்கிறது. நான்தான் பார்க்காமலே 'ஒய்' அடிக்கிறேன். அடுத்தவன் எழுதியதை யாரோ அழிக்காமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு என்பதும் தெரியும். தெரிந்து என்ன, அன்றைக்குத் திருத்தம் என்று இன்னொரு பதிவு போட்டேன், அதன் தலைப்பிலேயே ஸ்பெல்லிங் தப்பு. அதுவும் 240.

ஆக, தம்பி, படிக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. எழுத வராதே. வந்தே தீருவேன் என்றால் எழுதியதைத் தள்ளிவைத்து, தூங்கி எழுந்து, பல் தேய்த்துவிட்டு அனுப்பு. தமிழில் எழுதுவதாக இருந்தால் டெர்மினல் பக்கமே போகாதே, கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், மெயிலும் நியூஸ்குரூப்பும் படிக்கிற தண்டர்பேர்ட் புரோகிராம் போட்டுக்கொள். மார்க் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. அந்தக் கேள்விக்குறி என் திரையை விட்டு மேலே போன பிறகு கேட்டால் வேறு சொல்வேன்.

என் கான்ஃபிக் ஃபைலை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். பெயரை மாற்றாமல் போட்டுவிடாதே, உன் தப்பும் என் பேரில் போய்ச் சேரும்.