க்ரப், சிஸ்டம்டி-பூட், ரீஃபைண்ட்: 100 எம்பியில் எது அடங்கும்?

விண்டோஸ் இருக்கும் மடிக்கணினியில் லினக்ஸையும் சேர்த்து நிறுவ நினைப்பவர்கள் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) நல்லது என்று வாரக்கணக்கில் தேடுகிறார்கள். கணினியை இயக்கியதும் இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் க்ரப், சிஸ்டம்டி-பூட், ரீஃபைண்ட் போன்ற பூட்லோடரைப் பற்றி அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. நிறுவி கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் ஒருநாள் கருப்புத் திரையில் கணினி நின்றுவிடும்போதுதான் அந்தப் பெயரையே கவனிக்கிறோம்.

யூஈஎஃப்ஐ என்ற புதிய வகை ஃபர்ம்வேர் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) உள்ள கணினிகளில் ஃபேட்32 வடிவில் சிறிய பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பகுதி) ஒன்று இருக்கும். ஈஎஸ்பி என்பார்கள். கணினியில் உள்ள எல்லா இயங்குதளங்களின் பூட் கோப்புகளும் அங்கேதான் குடியிருக்கின்றன. விண்டோஸ் நிறுவி இதற்குப் பெரும்பாலும் 100 எம்பிதான் ஒதுக்குகிறது. சில கணினிகளில் 260 எம்பி இருக்கும். என் அனுபவத்தில் பூட்லோடரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

க்ரப்புக்கு ஈஎஸ்பியில் சில எம்பி இடம் கிடைத்தால் போதும். எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் ஆகிய லினக்ஸ் கோப்பு முறைகள் எல்லாவற்றையும் அதுவே படித்துவிடும் என்பதால் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லினக்ஸ் பார்ட்டிஷனிலேயே இருக்கலாம். யூஈஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் கணினியிலும் ஓடும். ஜிபிடி என்ற புதிய முறையில் பார்ட்டிஷன் பிரித்த வட்டை பயாஸ் முறையில் பூட் செய்வதானால் மட்டும் 1 எம்பிக்குத் தனியாக ஒரு 'பயாஸ் பூட்' பார்ட்டிஷன் வேண்டும். அதை மறந்தால் நிறுவல் கடைசிக் கட்டத்தில் வந்து தோற்கும்.

க்ரப்பின் குறை அதன் சிக்கல்தான். 2021இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. டிஸ்ட்ரோ அதைத் திரும்ப இயக்கித் தராவிட்டால் பூட் மெனுவில் விண்டோஸைக் காணோம். அழிந்துவிட்டது என்று பதறி மறுபடியும் எல்லாவற்றையும் நிறுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். க்ரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி மெனுவைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்ப வந்துவிடும். 2022 ஆகஸ்டில் ஆர்ச் லினக்ஸ் பயனர்கள் பலர் பட்ட பாடு இதைவிடப் பெரியது. க்ரப் தொகுப்பு மேம்பட்டது. ஈஎஸ்பியில் இருந்த பழைய க்ரப் அப்படியே இருந்தது. புதிய அமைப்புக் கோப்பு அதற்குப் புரியாமல் கணினிகள் பூட் ஆகவில்லை.

சிஸ்டம்டி-பூட் இதற்கு நேர் எதிர். கம்மிபூட் என்ற பெயரில் தொடங்கி, 2015இல், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குள் வந்தது. யூஈஎஃப்ஐயில் மட்டும் ஓடும். ஒவ்வொரு கர்னலுக்கும் நாலைந்து வரியில் ஓர் உரைக்கோப்பு, அவ்வளவுதான். எங்கே தப்பு என்று கண்ணாலேயே பார்த்துத் திருத்தலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் கணினியின் ஃபர்ம்வேர் படிக்கக்கூடியதை மட்டுமே இதுவும் படிக்கும். அதனால் கர்னலும், பூட்டின்போது அதனுடன் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸும் ஈஎஸ்பிக்கே வரவேண்டும். கர்னல் பத்துப் பதினைந்து எம்பி, இனிட்ராம்எஃப்எஸ் பல டிஸ்ட்ரோக்களில் 50 எம்பியைத் தாண்டும். இரண்டு கர்னல் வந்தாலே 100 எம்பி நிரம்பிவிடும். என் கணினியில் ஒரு கர்னல் மேம்பாடு பாதியில் இடமில்லாமல் நின்று, லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் யூஎஸ்பி) வைத்து மீட்க ஒரு மாலைப்பொழுது போனது.

ஈஎஸ்பியைப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். வட்டில் அதற்கு அடுத்து 16 எம்பிக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஒதுக்கீடு, அதை ஒட்டியே சி டிரைவ். சி டிரைவைச் சுருக்கினால் காலியிடம் அதன் வலப்பக்கம் கிடைக்கும். நமக்கு வேண்டியதோ இடப்பக்கம். முழு சி டிரைவையும் நகர்த்த மணிக்கணக்காகும், நடுவில் மின்சாரம் போனால் தரவும் போகும். அதற்குப் பதில் அதே வட்டில் எக்ஸ்பூட்எல்டிஆர் என்ற வகையில் 1 ஜிபி பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, கர்னல்களை அங்கே வைக்கலாம். இரண்டாவது வட்டு இருந்தால் அதில் புது ஈஎஸ்பி போடுவது இன்னும் சுத்தம். விண்டோஸின் பூட் கோப்புகள் இந்தப் புது ஈஎஸ்பியில் இல்லாததால் சிஸ்டம்டி-பூட் விண்டோஸைத் தானாகக் காட்டாது. ஃபர்ம்வேரின் பூட் மெனுவில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ராடரிக் ஸ்மித் உருவாக்கிய ரீஃபைண்ட், ஒவ்வொரு முறையும் வட்டுகளைத் தேடிக் கிடைப்பதை ஐகானாகக் காட்டும். எக்ஸ்ட்4 டிரைவர் கூடவே வருவதால் 100 எம்பியும் போதும். கையொப்பமுள்ள பூட் கோப்புகளை மட்டுமே அனுமதிக்கும் செக்யூர் பூட் போட்டிருந்தால்தான் சங்கடம்: ஷிம் என்ற இடைநிலை பூட்லோடரை நாமே அமைத்துச் சாவியைப் பதிய வேண்டும். உபுண்டு, டெபியன், ஃபெடோராவின் க்ரப் கையொப்பத்தோடே வந்துவிடுகிறது. ரீஃபைண்டை நான் ஒரு யூஎஸ்பியில் போட்டு வைத்திருக்கிறேன். க்ரப் உடைந்தாலும் அது கர்னலைக் கண்டுபிடித்து உள்ளே அனுப்பிவிடும்.

மூன்றில் எதை எடுத்தாலும், நிறுவும் முன், விண்டோஸ் வட்டைக் குறியாக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். லைவ் யூஎஸ்பி யூஈஎஃப்ஐ முறையில்தான் பூட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய முறையில் பூட் ஆகியிருந்தால் நிறுவியும் பழைய முறை க்ரப்பைத்தான் போடும்.

ஒரே வட்டு, 100 எம்பி ஈஎஸ்பி, செக்யூர் பூட்டும் வேண்டும் என்றால் க்ரப்பையே எடுங்கள். லினக்ஸுக்கென்று தனி வட்டு இருந்தால் 1 ஜிபி ஈஎஸ்பியோடு சிஸ்டம்டி-பூட். ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறந்து உங்கள் ஈஎஸ்பி எத்தனை எம்பி என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.