ரோட்ஸ் பழைய நகரத்தில் மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு

கிரீஸின் ரோட்ஸ் தீவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஊர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லி கடற்கரைத் தண்ணீரும், மந்திராக்கி துறைமுகத்து மாலை வெளிச்சமும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. 1309 முதல் 1522 வரை செயின்ட் ஜான் படைத்துறவிகள் (போர்வீரர்களாகவும் இருந்த கிறிஸ்தவத் துறவிகள்) ஆண்ட கோட்டைக்குள் இருக்கும் பழைய நகரத்தைக் கட்டாயம் சுற்றிப் பாருங்கள். ஆனால் அந்தப் பழைய நகரத்தில், ஹிப்போகிரட்டீஸ் சதுக்கத்துப் பக்கம், வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடும் உணவகங்களில் உட்காரும் முன் கவனம் தேவை.

எங்களை அழைத்தவர் மிகவும் அன்பாகப் பேசினார். மகளுக்கு ஐஸ்கிரீம் இலவசம் என்றார். என் கணவர் சின்ன கிளாஸ் பீர் இரண்டு கேட்டார். வந்ததோ பூட்ஸ் வடிவத்தில் இருந்த பெரிய கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். "இந்த அளவுதான் இருக்கிறது" என்றார் பரிமாறியவர். மெனுவில் அதற்கு விலையே போடவில்லை.

அப்புறம் ஒரு தட்டில் ஐஸ் மேல் மீன்களை அடுக்கிக் கொண்டுவந்தார். நம் சங்கராவைப் போல இளஞ்சிவப்பாக, கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்த ஒன்றைக் காட்டி, இன்று காலை பிடித்தது என்றார். விலை கேட்டதற்கு "மெனுவில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, தட்டோடு உள்ளே போய்விட்டார். மெனுவில் இருந்தது கிலோ விலை, 75 யூரோ. எங்கள் முன்னால் யாரும் எடை போடவில்லை. சுட்டு வந்த மீன் தலையில்லாமல், துண்டு துண்டாக, வறண்டு போய் இருந்தது. அது காட்டிய மீன்தானா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் கையால் எழுதி நீட்டினார்கள்: மீன் 1.4 கிலோ என்று 105 யூரோ, பீர் இரண்டுக்கு 44, மற்றதெல்லாம் சேர்த்து 178. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, பணமாகத்தான் தர வேண்டும் என்றார்கள்.

இங்கேதான் ஒரு விஷயம் எங்களுக்கு உதவியது. கிரீஸில் மெனு அட்டையிலேயே, கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும், ஓர் அறிவிப்பு இருக்கும்: முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கணவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டி, ரசீது வந்தால்தான் பணம் என்று சொல்லிவிட்டார். சுற்றுலாப் போலீஸ் எண் 1571-ஐ நான் போனில் அடித்து மேசை மேல் வைத்தேன். மேலாளர் வந்தார். கொஞ்ச நேரத்தில் அச்சடித்த ரசீது வந்தது. பீர் 44 யூரோவிலிருந்து 12 ஆகியிருந்தது. மொத்தம் 146. பழுதாகியிருந்த கார்டு மெஷினும் சரியாகிவிட்டது! மீன் விலையில் மட்டும் ஒரு யூரோகூடக் குறைக்கவில்லை. குழந்தை தூக்கத்தில் சிணுங்க ஆரம்பித்ததால் கொடுத்துவிட்டு எழுந்தோம். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

மறுநாள் கோட்டைக்கு வெளியே, புது நகரத்தில், ஒரு சின்னத் தவெர்னாவுக்கு, அதாவது எளிமையான கிரேக்கச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா எங்களை அடுப்படிக்கே கூட்டிப்போய், மீனைத் தராசில் வைத்து, எவ்வளவு ஆகும் என்று சொன்ன பிறகுதான் அடுப்பில் போட்டார். அங்கே மீன் வாங்கும் முறையே இதுதான். எடை போட்டுக் காட்ட மறுத்தால் தயங்காமல் எழுந்துவிடுங்கள். மெனுவில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் அது உறையவைத்த சரக்கு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பீருக்கு எத்தனை மில்லி, என்ன விலை என்று மெனுவில் காட்டச் சொல்லுங்கள்.

வாசலருகே ஒரு பெட்டியில் புகார்ப் படிவம் இருக்கும் என்றும் முதல் நாள் உணவகத்தின் மெனுவிலேயே போட்டிருந்தது. நான் கேட்டு வாங்கி, நிரப்பி, ரசீதின் படத்தையும் கையால் எழுதித் தந்த சீட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.