கான்சன்ட்ரேட் கூலண்டா, ரெடிமிக்ஸ் கூலண்டா?

என்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்ட் இந்த இரண்டு வடிவிலும் கிடைக்கும். இரண்டிலும் இருப்பது கிளைகாலும் (உறையாமல் காக்கும் திரவம்) துருத்தடுப்பு ரசாயனங்களும்தான். கான்சன்ட்ரேட்டில் தண்ணீரை நாம் கலக்க வேண்டும். ரெடிமிக்ஸ் பெரும்பாலும் பாதிக்குப் பாதி கலந்தே வரும்.

ரிசர்வாயரில், அதாவது கூலண்ட் தொட்டியில், அளவு கொஞ்சம் இறங்கியிருந்தால் ரெடிமிக்ஸ் போதும். விகிதம் கெடாது.

தண்ணீர் விட்டு ஃப்ளஷ் செய்த வண்டி என்றால் கதையே வேறு. ரேடியேட்டரின் டிரெயினைத் திறந்து வடித்தாலும் என்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் (வண்டிக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) தண்ணீர் தங்கிவிடும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர், அதில் 2 லிட்டர் தண்ணீர் உள்ளேயே நிற்கிறது என்று வையுங்கள். மேலே 4 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால் கிளைகால் 33 சதவீதம்தான் தேறும். மைனஸ் 37 டிகிரி வரை தாங்க வேண்டியது மைனஸ் 18 பக்கமே உறையத் தொடங்கும், துருத்தடுப்பும் நீர்த்துப்போகும். இந்த வேலைக்குக் கான்சன்ட்ரேட்தான் சரி: முதலில் 3 லிட்டர் அதை ஊற்றி, மிச்சத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கால்சியம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்பாகப் படியும்.

கான்சன்ட்ரேட்டைத் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றினால் 'ஸ்ட்ராங்'காக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. தப்பு. தனிக் கிளைகால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது; மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறைந்தும்விடும்.

எதை வாங்கினாலும் நிறத்தை நம்பாதீர்கள், மேனுவலில் சொன்ன வகையைப் பாருங்கள். ஊற்றியபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு அளவை மறுபடி பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள்.